நீரிழிவு நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களை ஒப்பிடும் ஆய்வு: மாதிரி எடுக்கும் முன் எவற்றைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி: மலர்விழி

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் முதலாம் ஆண்டில் இருக்கிறேன். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் 40 பேர், இல்லாதவர்கள் 40 பேர் என 80 பேரிடம் மலமாதிரி பெற்று, பாக்டீரியாக்களை இனங்காண உதவும் அவற்றின் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தி, இரு தரப்பினரின் குடல் நுண்ணுயிர்த் தொகுதியும் எவ்வாறு வேறுபடுகிறது என்று அறிவது எங்கள் திட்டம். நோயாளிகளை மருத்துவமனையின் நீரிழிவு வெளிநோயாளர் பிரிவிலும், நோயற்றவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களிலும் சேர்க்க எண்ணியிருக்கிறோம். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் அனுப்ப இன்னும் சில வாரங்கள் உள்ளன; அதுவரை திட்டத்தில் எதையும் மாற்றலாம்.

முந்தைய ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது. 2012இல் சீனாவில் 345 பேரை வைத்துச் செய்த ஆய்வும், 2013இல் ஸ்வீடனில் 70 வயதை ஒட்டிய 145 பெண்களை வைத்துச் செய்த ஆய்வும் ஒரே நோயைப் பற்றியவை. இரண்டும் நேச்சர் இதழில் வெளிவந்தவை. ஆயினும் நோயாளிகளை இனங்காட்டும் பாக்டீரியாக்கள் என்று அவை தரும் பட்டியல்கள் பெரிதும் ஒத்துப்போகவில்லை. இது உணவாலும் நாட்டாலும் வந்த வேறுபாடா, ஆய்வு முறையால் வந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆய்வும் இவற்றோடு சேராத மூன்றாவது பட்டியலாகப் போய்விடக் கூடாது என்று கவலைப்படுகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கிராமத்து மாதிரிகள் ஆய்வகத்துக்கு வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால் பாதகம் உண்டா? அத்துடன், சர்க்கரை அளவு பார்க்க எப்படியும் இரத்தம் எடுக்கப் போவதால், குடலிலிருந்து கசிந்த பாக்டீரியாக்களின் டிஎன்ஏ இரத்தத்தில் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று என் வழிகாட்டி கருதுகிறார். இதைச் சேர்ப்பது சரியா?

பதில்: செந்தில்நாதன்

மலர்விழி, விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. இந்தத் துறையில் பெரும்பாலான பிழைகள், வரிசைப்படுத்தும் கருவியில் மாதிரியை ஏற்றுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. அவற்றில் பலவற்றைப் பிற்பாடு எந்தக் கணிப்பாலும் சரிக்கட்ட முடிவதில்லை.

உங்கள் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 2015ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. டென்மார்க், ஸ்வீடன், சீனா ஆகிய நாடுகளின் 784 குடல் மரபணுத் தொகுதித் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், நோயாளிகளை, மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைச் சாப்பிடுவோர், சாப்பிடாதோர் என்று பிரித்துப் பார்த்தார்கள். அதுவரை நீரிழிவின் அடையாளம் என்று நம்பப்பட்டவற்றில் கணிசமான பகுதி, நோயைவிட மாத்திரையின் விளைவாகவே இருந்தது. மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம் எஸ்செரிகியா என்ற பாக்டீரியா மிகுந்தும், இன்டெஸ்டினிபாக்டர் என்பது குறைந்தும் காணப்பட்டன. மருந்து எடுக்காத நோயாளிகளை மட்டும் நோயற்றவர்களோடு ஒப்பிட்டபோது மிஞ்சிய வேறுபாடு சிறியது. குடல் செல்களுக்கு ஊட்டமாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன என்பதே அதில் குறிப்பிடத்தக்கது. சீனக் குழுவிலும் ஸ்வீடன் குழுவிலும் மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் விகிதம் ஒன்றாக இல்லாததால், இரு பட்டியல்களும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அதுவரை மருந்தே தொடங்காத நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு மெட்ஃபார்மினும் மறு சாராருக்குப் போலி மாத்திரையும் நான்கு மாதம் கொடுத்து, குடல் பாக்டீரியாக்களை மாற்றுவது அந்த மருந்தே என்று நேரடியாகக் காட்டியது.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். நீரிழிவு வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பவர்களில் மெட்ஃபார்மின் எடுக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் ஒப்பீடு, நீரிழிவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலானது என்று பெயர் பெற்றிருந்தாலும், செயலளவில் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கும் சாப்பிடாதோருக்கும் இடையிலானதாகவே அமையும். போதாக்குறைக்கு ஒரு தரப்பினர் நகரத்தவர், மறு தரப்பினர் கிராமத்தவர். உணவும் தண்ணீரும் வேலையும் வேறு வேறு. உணவுப் பழக்கத்தோடு குடல் பாக்டீரியாக்களும் எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. போபாலிலும் கேரளத்திலும் 110 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெரிதும் தாவர உணவு உண்ணும் போபால் குழுவில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா ஓங்கியிருந்தது. மீனும் இறைச்சியும் சேர்க்கும் கேரளக் குழுவில் அவ்வாறு இல்லை.

என் யோசனை, இரு தரப்பினரையும் ஒரே முகாமிலிருந்து சேர்க்க வேண்டும் என்பதுதான். முகாமில் சர்க்கரை அளவு பார்க்கும்போது, தமக்கு நோய் இருப்பதையே அதுவரை அறியாத சிலர் தென்படுவார்கள். முதல் மாத்திரையை இன்னும் விழுங்காத அவர்களே உங்கள் ஆய்வுக்கு மிகவும் வேண்டியவர்கள். அவர்களுக்கு ஒப்பாக அதே ஊரில், அதே வயதில், ஏறத்தாழ அதே உடல் எடையில் சர்க்கரை இல்லாத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுப்பதற்காக அவர்களுடைய சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்பதால், அன்றோ மறுநாள் காலையிலோ மாதிரி கைக்கு வந்துவிடும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். இப்படிச் செய்தால் ஆட்கள் சேர நாளாகும். நோயாளிகள் 40 பேருக்குப் பதில் 30 பேர்தான் கிடைத்தாலும், அந்த 30 பேரிடம் தெரியும் வேறுபாட்டுக்குப் பொருள் இருக்கும்.

நான்கைந்து மணி நேரத் தாமதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலம் உடலை விட்டு வெளிவந்த பிறகும் அதிலுள்ள பாக்டீரியாக்கள் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. பொதுமக்கள் தம் மலமாதிரியை அனுப்பிய அமெரிக்கன் கட் என்ற ஆய்வுத் திட்டத்தில் குளிரூட்டாமல் அஞ்சலில் அனுப்பப்பட்ட மாதிரிகளில், எஸ்செரிகியா கோலை முதலிய சில பாக்டீரியாக்கள் வழியிலேயே பெருகியிருந்ததைக் கண்டு, 2017இல் அவற்றின் தடத்தைக் கணக்கிலிருந்து நீக்கும் வழியை வெளியிட வேண்டியதாயிற்று. உங்கள் பழைய திட்டப்படி மருத்துவமனை மாதிரி அரை மணிக்குள் ஃப்ரீசருக்குப் போயிருக்கும். கிராமத்து மாதிரி வெயிலில் வேனில் கிடந்திருக்கும். மெட்ஃபார்மின் நோயாளிகளிடம் எஸ்செரிகியாவைக் கூட்ட, தாமதம் நோயற்றவர்களின் மாதிரியில் அதே எஸ்செரிகியாவைக் கூட்ட, இரண்டும் ஒன்றையொன்று மறைத்து வேறுபாடே இல்லை என்றுகூடக் காட்டியிருக்கக் கூடும்.

ஆகவே மாதிரி கிடைத்த இடத்திலேயே வளர்ச்சியை நிறுத்தும் நிலைப்படுத்தும் கரைசலிலோ 95 சதவீத எத்தனாலிலோ போட்டுவிடுங்கள். 70 சதவீத எத்தனால் ஆய்வகத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம். 2016இல் வெவ்வேறு பாதுகாப்பு முறைகளை ஒப்பிட்டவர்கள், 95 சதவீதக் கரைசல் ஏற்றது, 70 சதவீதக் கரைசல் ஏற்றதல்ல என்று கண்டார்கள். எந்த முறையானாலும் 80 மாதிரிகளுக்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். எடுத்த நேரத்தையும் ஃப்ரீசருக்குள் வைத்த நேரத்தையும் ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள்.

பதில்: மருத்துவர் கலைச்செல்வி

செந்தில்நாதன் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வெளிநோயாளர் பிரிவில் இருப்பவள் என்ற முறையில் நடைமுறை சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன்.

“மெட்ஃபார்மின் எடுக்கிறீர்களா?” என்று கேட்டால் பலரிடம் சரியான விடை கிடைக்காது. கிளிமிப்பிரைடு என்ற மற்றொரு நீரிழிவு மருந்தும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து வருவது நம் நாட்டில் மிகவும் சாதாரணம். சாப்பிடுபவருக்கு அது “காலை மாத்திரை”, “சின்ன மஞ்சள் மாத்திரை” என்றுதான் தெரியும். மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்லி, அதன் பின்புறத்தைப் படித்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு மருந்தோடு நிறுத்திவிடவும் கூடாது. வயிற்றெரிச்சலுக்காக மருந்துக் கடையில் வாங்கிப் போடும் பான்டோபிரசோல் போன்றவை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால், வாயில் வாழும் பாக்டீரியாக்கள் குடல்வரை பிழைத்துப் போய்ச் சேர வழியாகிறது. பேதிக்கு உதவும் சூரணங்களையும் கடுக்காய்ப் பொடியையும் மக்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால்தான் சொல்வார்கள். கடந்த மூன்று மாதங்களில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. 2018இல் ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியா வகைகளின் மீது சோதித்தபோது, பாக்டீரியாவைக் குறிவைத்துச் செய்யப்படாத மருந்துகளில்கூட 24 சதவீதம், குறைந்தது ஒரு வகையின் வளர்ச்சியையாவது தடுத்தன.

மலத்தின் தன்மையைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். கெட்டியான உருண்டையிலிருந்து நீர்த்த நிலை வரை ஏழு படிகளைப் படமாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டையை நீட்டி, எது என்று தொட்டுக் காட்டச் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தயங்காமல் காட்டுவார்கள். இதை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டவர்கள், குடல் பாக்டீரியாக்களின் வேறுபாட்டோடு மிக வலுவாகத் தொடர்புடைய காரணியாகக் கண்டது மலத்தின் தன்மையைத்தான். நீண்ட நாள் நீரிழிவு குடலின் நரம்புகளைப் பாதித்து மலச்சிக்கலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் என்பதால், உங்கள் ஆய்வில் இதற்குக் கூடுதல் பொருத்தம் இருக்கிறது.

மாதிரி சேகரிக்கும் உபகரணப் பெட்டியோடு வரும் தாள் தொட்டில், உட்காரும் வகைக் கழிப்பறைக்காகச் செய்யப்பட்டது. குத்துக்கால் வைத்து உட்காரும் கழிப்பறையில் அது நிற்காது. தண்ணீரில் விழுந்ததை எடுத்து அனுப்பிவிடுவார்கள். தூய்மையான அகன்ற தாளையோ, ஒரு முறை பயன்படுத்தும் காகிதத் தட்டையோ கொடுத்து, தண்ணீரும் சிறுநீரும் படாமல் எடுக்கும் விதத்தை ஒரு பெண் களப்பணியாளர் பெண்களுக்கும், ஓர் ஆண் களப்பணியாளர் ஆண்களுக்கும் விளக்கினால், பாதிப் பேர் கூச்சத்தால் விலகிப் போவதைத் தவிர்க்கலாம்.

பதில்: ரிஸ்வானா

நான் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் மேசையில் வேலை செய்பவள். இரத்தம் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன்: உங்கள் முதல் ஆய்வில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு கிராம் மலத்தில் பல்லாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதால், ஆய்வகத்தில் தவறி நுழையும் ஒரு சில அங்கே பொருட்டாவதில்லை. இரத்தம், நஞ்சுக்கொடி, கட்டித் திசு போன்றவற்றில் பாக்டீரியா மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதால், அந்தச் சிலவே முழு விடையாகிவிடுகின்றன. பிரித்தெடுக்கும் கிட்டிலுள்ள திரவங்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ உண்டு. 2014இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சால்மொனெல்லா போங்கோரி என்ற ஒரே பாக்டீரியாவின் தூய வளர்ப்பை எடுத்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியையும் வரிசைப்படுத்தினார்கள். ஒரே ஒரு பெயர்தான் வர வேண்டும். ஆனால் நீர்க்க நீர்க்க மண்ணிலும் நீரிலும் வாழும் பிற பாக்டீரியாக்களின் பெயர்கள் கூடிக்கொண்டே போய், கடைசிப் படிகளில் சால்மொனெல்லாவை மூழ்கடித்துவிட்டன. அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. தாய்லாந்து எல்லையிலுள்ள மேலா அகதி முகாமின் குழந்தைகளிடம் எடுத்த மூக்குத்தொண்டை மாதிரிகளில், வயதுக்கு ஏற்பப் பாக்டீரியாக்கள் மாறுவதாகத் தோன்றியது. இடையில் கிட் மாறியதால் வந்த தோற்றம் அது என்று பின்னர் தெரிந்தது.

இந்த எச்சரிக்கை வெளிவந்த பிறகும் பெரிய சறுக்கல்கள் நேர்ந்தன. நஞ்சுக்கொடிக்கென்று தனி நுண்ணுயிர்த் தொகுதி உண்டு என்று 2014இல் வெளிவந்த முடிவு பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2019இல் 537 தாய்மாரின் நஞ்சுக்கொடிகளை, இரு வேறு முறைகளில், எதுவும் போடாத வெற்று மாதிரிகளையும் சேர்த்துச் சோதித்தபோது, அப்படியொரு தொகுதி இல்லை என்றும், சுமார் 5 சதவீத மாதிரிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற நோய்க்கிருமி மட்டும் உண்மையாகவே இருந்தது என்றும் தெளிவாயிற்று. கட்டித் திசுவிலும் இரத்தத்திலும் உள்ள நுண்ணுயிர் டிஎன்ஏயைக் கொண்டு புற்றுநோயின் வகையையே சொல்லலாம் என்று 2020இல் நேச்சரில் வந்த கட்டுரை 2024இல் திரும்பப் பெறப்பட்டது. மனித டிஎன்ஏத் துண்டுகள் பாக்டீரியாவாகத் தவறாக அடையாளம் காணப்பட்டிருந்தன. தரவைச் சீர்படுத்திய கணிப்பு, இல்லாத வேறுபாட்டை உண்டாக்கியிருந்தது. இறால் வகைகளைத் தாக்கும் ஒரு வைரஸ், சிறுநீரக மேற்சுரப்பிப் புற்றுநோயின் அடையாளமாக அதில் இடம்பெற்றிருந்ததை மறு ஆய்வு செய்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். சிங்கப்பூரில் நலமாக இருந்த 9,770 பேரின் இரத்தத் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டவர்கள், பெரும்பாலானோரிடம் எந்த நுண்ணுயிரும் தென்படவில்லை என்றும், எல்லோருக்கும் பொதுவான இரத்த நுண்ணுயிர்த் தொகுதி என்பதற்குச் சான்றில்லை என்றும் கண்டார்கள். உங்கள் வழிகாட்டிக்கு இந்த நான்கையும் காட்டலாம்.

மலமாதிரிக்கும் வெற்று மாதிரிகள் தேவை. களத்தில் ஒரு வெற்றுக் குழாயைத் திறந்து மூடி, மற்ற மாதிரிகளோடு கொண்டுவாருங்கள். பிரித்தெடுக்கும் ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி போடாத குழாய் ஒன்றையும் சேர்த்து நடத்துங்கள். எந்தெந்த பாக்டீரியா எந்த அளவில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த செயற்கைக் கலவை விலைக்குக் கிடைக்கிறது. அதையும் தொகுப்புக்கு ஒன்று வைத்தால், உங்கள் முறை எதைக் கூட்டிக் காட்டுகிறது, எதைக் குறைத்துக் காட்டுகிறது என்பது கையோடு தெரிந்துவிடும்.

பிரித்தெடுக்கும் முறையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரே மலமாதிரியை 21 முறைகளில் பிரித்தெடுத்து ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில், தொழில்நுட்பப் படிகளிலேயே முடிவை அதிகம் மாற்றியது இந்தப் படிதான். தடித்த செல் சுவருள்ள கிராம் பாசிடிவ் பாக்டீரியாக்கள் வெறும் இரசாயனத்துக்கு எளிதில் உடைவதில்லை. சிறு மணிகளைப் போட்டு வேகமாகக் குலுக்கி உடைக்கும் படியைச் சேர்க்காவிட்டால், நீங்கள் தேடும் பியூட்டிரேட் பாக்டீரியாக்களில் பலவும் குறைவாகவே தெரியும். பழைய கட்டுரைகளில் பிஃபிடோபாக்டீரியம் குறைவாகத் தெரிந்தால், 16எஸ் மரபணுவைப் பெருக்கப் பரவலாகப் புழங்கிய 27எஃப் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏத் துண்டு அதனோடு சரியாகப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். கிட்டுகள் அனைத்தையும் ஒரே லாட் எண்ணில் வாங்கி, அந்த எண்ணை எழுதி வையுங்கள். நோயாளிகள் எல்லோரையும் திங்கட்கிழமையும் நோயற்றவர்களை வியாழக்கிழமையும் செய்யாமல், ஒவ்வொரு தொகுப்பிலும் இரு தரப்பையும் குலுக்கிக் கலந்து வையுங்கள். எது யாருடையது என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

மலர்விழி

மூவருக்கும் மிக்க நன்றி. இரத்தப் பகுதியை நீக்க வழிகாட்டி ஒப்புக்கொண்டுவிட்டார்; புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களை முகாமிலேயே சேர்ப்பதற்கும் இசைந்திருக்கிறார். இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. முடிவுகள் சதவீதமாகத்தானே வருகின்றன. அவற்றை அப்படியே, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் போட்டு ஒப்பிடலாமா? ஃபெர்மிகியூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் ஆகிய இரு பெரும் பிரிவுகளின் விகிதத்தை முதன்மை அளவீடாக வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில், நோயாளிகளின் மலத்தை நுண்ணுயிரற்ற எலிகளுக்குச் செலுத்திக் காரண விளைவை நிறுவலாம் என்பது திட்டம். இது குறித்தும் உங்கள் கருத்து வேண்டும்.

பதில்: குமரன்

புள்ளியியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சதவீதத்தை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதில்தான் மிகப் பெரிய சிக்கல் இருக்கிறது. ஒருவரின் குடலில் அ, ஆ, இ என்னும் மூன்று பாக்டீரியாக்கள் 40, 40, 20 கோடி என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அ மட்டும் 140 கோடியாகப் பெருகுகிறது. மற்ற இரண்டும் இருந்தபடியே இருக்கின்றன. மொத்தம் 200 கோடி ஆகிவிட்டதால், 40 சதவீதமாக இருந்த ஆ இப்போது 20 சதவீதம். 20 சதவீதமாக இருந்த இ இப்போது 10 சதவீதம். கருவி தருவது சதவீதத்தை மட்டுமே என்பதால், ஆவும் இயும் பாதியாகக் குறைந்துவிட்டன என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். அவற்றில் ஒரு செல்கூடக் குறையவில்லை. இத்தகைய பங்குத் தரவுகளை ஒன்றோடொன்றுக்குள்ள விகிதத்தின் மடக்கையாக மாற்றிக் கையாளும் முறையை ஜான் எய்ச்சிசன் 1980களிலேயே வகுத்துவிட்டார். குறைந்தபட்சம் அதைப் பின்பற்றுங்கள்.

அதைவிட நல்ல வழி, மொத்த எண்ணிக்கையையும் அளந்துவிடுவதுதான். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்களை எண்ணலாம். வசதி இல்லையென்றால் டிஎன்ஏயின் அளவைக் கணக்கிடும் குவான்டிடேடிவ் பிசிஆர் போதும். 2017இல் பெல்ஜியம் குழுவினர் இவ்வாறு எண்ணிப் பார்த்தபோது, நலமாக இருப்பவர்களிடையிலேயே ஒரு கிராமுக்குள்ள எண்ணிக்கை பத்து மடங்கு வரை வேறுபட்டது. கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் மொத்தமே குறைந்திருந்தது. சதவீதத்தை மட்டும் பார்த்த வரையில் இந்த உண்மை வெளிப்படவில்லை. எண்ணுவதற்கான பகுதியை மாதிரி எடுக்கும்போதே எடை போட்டுத் தனியே ஒதுக்குங்கள். எத்தனாலில் போட்டதை வைத்துப் பின்னர் கிராம் கணக்குப் பார்ப்பது கடினம்.

ஃபெர்மிகியூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் விகிதத்தை முதன்மை அளவீடாக வைக்காதீர்கள். உடற்பருமனோடு அதற்குத் தொடர்பு உண்டு என்ற எண்ணம் 2006ஆம் ஆண்டின் ஆய்வுகளால் பரவியது. 2016இல் பத்து ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்து மறுபடி ஆராய்ந்தபோது, குடல் பாக்டீரியாக்களுக்கும் உடற்பருமனுக்கும் கண்ட தொடர்பு மிகச் சிறியதாகவும், அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலான ஆய்வுகளின் ஆள் எண்ணிக்கை போதாததாகவும் இருந்தது. பெயரளவில் ஒரே பிரிவு என்றாலும், குணத்தில் எதிரெதிரான நூற்றுக்கணக்கான இனங்கள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அவை எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கி அதற்கு உடலியல் விளக்கம் தேடுவதில் பயனில்லை.

எந்தக் கணிப்பு முறையைப் பயன்படுத்துவீர்கள் என்பதைத் தரவு வருவதற்கு முன் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். இரு குழுக்களுக்கிடையில் வேறுபடும் பாக்டீரியாக்களைக் கண்டறியும் 14 முறைகளை 38 தரவுத் தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே தரவிலிருந்து ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பட்டியலைத் தந்தது. முடிவைப் பார்த்த பிறகு முறையைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுத்தால், விரும்பியதை எதுவானாலும் கண்டுபிடித்துவிடலாம். என் வழக்கம், கருதுகோளாக ஒன்றிரண்டை மட்டும் முன்னரே அறிவித்து, அவற்றை மட்டும் சோதிப்பது. பிற எல்லாவற்றையும் தேடல் என்றே பெயரிட்டு, பல சோதனைகள் செய்வதால் தற்செயலாக வரும் முடிவுகளுக்கான திருத்தத்தோடு தருவது. உங்கள் விஷயத்தில் பியூட்டிரேட் பாக்டீரியாக்கள் குறைகின்றனவா என்பதே இயல்பான முதன்மைக் கேள்வி.

ஒன்றை விட்டுவிட்டேன். ஒரே வீட்டில் இருப்பவர்கள் பாக்டீரியாக்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கணவனும் மனைவியும் முகாமுக்குச் சேர்ந்துதான் வருவார்கள். இருவரையும் சேர்த்தால் அவர்களைத் தனித்தனி இருவராகக் கணக்கிட முடியாது. வீட்டுக்கு ஒருவர் என்று வரையறுத்துவிடுங்கள்.

பதில்: செந்தில்நாதன்

எலிகளைப் பற்றி. 2020இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, மனித மலத்தை எலிகளுக்குச் செலுத்திய 38 ஆய்வுகளைத் திரட்டியது. அவற்றில் 36 ஆய்வுகள், நோயின் தன்மை எலிக்கும் போய்ச் சேர்ந்தது என்று முடிவு கூறியிருந்தன. இத்தனை வேறுபட்ட நோய்களுக்கு இப்படி 95 சதவீத வெற்றி என்பது நம்பத் தகுந்ததல்ல என்று அந்த மதிப்பீட்டாளர்கள் எழுதினார்கள். நானும் அவ்வாறே கருதுகிறேன். மனிதக் குடலின் பாக்டீரியாக்கள் பல எலிக் குடலில் குடியேறுவதில்லை. ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்பதால், அவற்றின் பாக்டீரியாக்கள் விரைவில் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. மூன்று நோயாளிகளின் மலத்தை முப்பது எலிகளுக்குக் கொடுத்துவிட்டு முப்பது என்று கணக்கிடுவது மிகப் பரவலான தவறு. உங்கள் எண்ணிக்கை மூன்றுதான்.

காரணம் எப்போதும் குடலிலிருந்தே புறப்படும் என்று எண்ணுவதும் கூடாது. ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆட்டிசம் ஆய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் உணவில் விருப்பு வெறுப்பு மிகுந்து குறைந்த வகைகளையே உண்பதால் குடல் பாக்டீரியாக்களின் பன்மை குறைகிறது என்ற எதிர்த்திசை விளக்கத்தையே ஆதரித்தது. நீரிழிவிலும், நோய் தெரிந்தவுடன் அரிசியைக் குறைத்துக் கேழ்வரகுக்கு மாறுபவர்கள் எத்தனை பேர்! முகாமில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைச் சேர்ப்பதால் இந்தச் சிக்கலும் பெருமளவு நீங்குகிறது.

காரண விளைவு மனிதரிடம் ஐயமறக் காட்டப்பட்ட இடமும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் குளோஸ்டிரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் குடல் தொற்றுக்கு நெதர்லாந்தில் நலமான கொடையாளரின் மலத்தைச் செலுத்திய சோதனையில், 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர்கள் 4 பேர். 2013இல் வெளிவந்த அந்தச் சோதனையை, வேறுபாடு தெளிவாகிவிட்டதால் இடையிலேயே நிறுத்தினார்கள். உங்கள் கடைசி அத்தியாயத்தில் எலிக்குப் பதிலாக, இப்போது சேர்க்கும் அதே நோயாளிகளிடம் மெட்ஃபார்மின் தொடங்கி மூன்று மாதம் கழித்து இரண்டாவது மாதிரி எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிடுவதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு குறுக்கிடாது, செலவும் குறைவு. நோயற்ற தரப்பிலும் சிலரிடம் அதே இடைவெளியில் இரண்டாவது மாதிரி எடுத்தால், பருவ மாற்றத்தால் வந்தது எது என்பதும் தெரியும்.

பதில்: ரிஸ்வானா

விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டிய ஒன்றை யாரும் குறிப்பிடவில்லை. தரவை முழுமையாகப் பொதுக் களஞ்சியத்தில் வெளியிடப் போவதாக ஒப்புதல் படிவத்திலேயே எழுதி விளக்கிவிடுங்கள். பிறகு திரும்பிப் போய் 80 பேரிடம் கையெழுத்து வாங்க முடியாது. மாதிரிகளோடு வெற்று மாதிரிகளின் தரவையும், செயற்கைக் கலவையின் தரவையும் ஏற்றுங்கள். மருந்து, மலத்தின் தன்மை, எடுத்த நேரம், கிட்டின் லாட் எண், தொகுப்பு எண் ஆகியவை மாதிரிக்கு ஒரு வரியாக உடன் செல்லட்டும். நுண்ணுயிர்த் தொகுதி ஆய்வுகளை எழுதுவதற்காக 2021இல் வெளிவந்த ஸ்டார்ம்ஸ் என்ற 17 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை இப்போதே அச்சிட்டு வைத்துக்கொண்டால், எழுதும்போது தேட வேண்டியிருக்காது.

16எஸ் முறையில் மனித டிஎன்ஏ பெரும்பாலும் வராது. பின்னாளில் அதே மாதிரிகளை முழு மரபணுத் தொகுதி முறையில் வரிசைப்படுத்தினால், குடல் சுவரிலிருந்து உதிர்ந்த செல்களின் டிஎன்ஏயும் சேர்ந்து வரும். அதைக் கொண்டு ஆளையே அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது. மனிதத் துண்டுகளை நீக்கிய பிறகே தரவை வெளியிடுவோம் என்ற வாக்கியத்தைத் தமிழ்ப் படிவத்தில், முகாமுக்கு வருபவருக்குப் படித்துக் காட்டினால் புரியும் நடையில் சேருங்கள். மாதிரியையோ தரவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அதற்குரிய அனுமதிக்குத் தனியே நாளாகும். அதையும் இந்த விண்ணப்பத்தோடு தொடங்கிவிடுங்கள்.